குஷாய்குடாவில் பாதியில் நின்ற பாட்டு

வெள்ளிக்கிழமை மாலை சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறும்போது என் பையில் இரண்டு சட்டைகள், ஒரு மடிக்கணினி, துண்டில் சுற்றிய பழைய கேசட் பிளேயர், அறுந்த டேப்பை ஒட்டுவதற்கென்றே விற்கிற மெல்லிய வெள்ளை ஒட்டுப்பட்டை ஒரு சுருள் ஆகியவை இருந்தன. ஒரு பாட்டுக்காக எழுநூறு கிலோமீட்டரா என்று வீட்டில் கேட்டார்கள். பாதிப் பாட்டுக்காக என்று நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் டிக்கெட்டைக் கிழித்திருப்பார்கள்.

பல வருடங்களாக எனக்கு இந்தக் கிறுக்கு உண்டு. யாரும் தேடாத பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிப் பிடித்து இணையத்தில் போடுவேன். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்காகப் பாடியது, தட்டச்சுப் பயிற்சிக்கு மெட்டுப் போட்டது, பஞ்சாயத்துத் தேர்தலில் டெபாசிட் இழந்த ஒருவருக்காக நாகஸ்வரத்தோடு பதிவுசெய்த பிரசாரப் பாட்டு, இப்படி. என் மனைவி இதைக் காயலான்கடை என்பாள். காயலான்கடைக்கும் வாடிக்கையாளர் உண்டு. என் இணையப் பக்கத்துக்கும் உண்டு.

போன வருடம் வாட்ஸ்அப்பில் கை மாறி கை மாறி ஒரு பாட்டு வந்து சேர்ந்தது. பாடியவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒரு பெண் குரல். தொழிற்சாலைச் சங்கு ஊதி முடிந்ததும் சாலையெல்லாம் சைக்கிள் மணி கேட்கிறது என்று தொடங்குகிற தமிழ்ப் பாட்டு. மெல்லிசைதான், ஆனால் அடியில் கல்யாண ஊர்வலம் போல மேளம் படபடவென்று ஓடும். பல்லவி, முதல் சரணம் எல்லாம் ஒழுங்காகப் போகும். இரண்டாம் சரணத்தில் 'ஆயிரம் மணி கேட்டாலும்' என்று அந்தப் பெண் எடுத்ததும் குரல் சட்டென்று அமுங்கிவிடும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவது போல ஒரு ஆண் குரல், புரியாத பாஷையில் மந்திரம் ஓத ஆரம்பிக்கும். நடுநடுவே ஏதோ ஒரு வாத்தியம் மெதுவாக எழும்பி, உச்சிக்குப் போய், வெட்டினாற்போல நிற்கும்.

'பெயர் தெரியாத பாடகி' என்று தலைப்பிட்டுப் போட்டேன். நான் போட்டதிலேயே அதிகம் பரவியது அதுதான். அந்தப் பெண்ணின் குரலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லோருக்கும் அந்த மந்திரம்தான் வேண்டியிருந்தது. சைபீரியா என்றார் ஒருவர். அழிந்துபோன மலைவாழ் மக்களின் மொழி என்றார் இன்னொருவர். ஒரு இளம் இசையமைப்பாளர் அந்த எழும்பும் வாத்தியத்தின் பெயர் கேட்டு மூன்று முறை எழுதினார். அந்தக் காலத்திலேயே எவ்வளவு துணிச்சலான சோதனை முயற்சி என்று நானும் என் பங்குக்கு அளந்துவிட்டிருந்தேன்.

போன மாதம் ஒரு செய்தி வந்தது. எழுதியவர் பரமசிவம், ஐதராபாத்தில் குஷாய்குடா, அங்கிருக்கும் பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாடியது தன் மனைவி கோமதி என்றும், பாட்டை எடுத்துவிடும்படி அவர் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தார். போனில் கூப்பிட்டேன். கோமதி அம்மாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது. அவர் பாடியதில் மிச்சம் இந்த ஒரு கேசட்தான். அதிலும் பாதி கெட்டுப்போனது. வீட்டுக்கு வந்த ஒரு உறவினர் போனில் பிடித்துப்போனதுதான் வாட்ஸ்அப்பில் சுற்றியது. கெட்ட பாதியை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுவதும், பாடிய பாதியை யாரும் சீந்தாததும் அவருக்குப் பொறுக்கவில்லை. நேரில் வந்து கேசட்டைப் பார்க்கிறேன், இருக்கிற பாதியையாவது தெளிவாகப் பிரதி எடுக்கிறேன், அதற்குப் பிறகும் அம்மா வேண்டாமென்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுகிறேன் என்றேன். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு செகந்திராபாத். ஸ்டேஷனுக்கு எதிரே இரானி டீ இருபத்தைந்து ரூபாய், உஸ்மானியா பிஸ்கட் தனி. ஆட்டோக்காரர் குஷாய்குடாவுக்கு முந்நூற்றைம்பது கேட்டார். இருநூற்றெண்பதுக்கு இறங்கி வந்தார். பதின்மூன்று கிலோமீட்டர். சென்னையிலிருந்து எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஒரு பாட்டுக் கேட்க என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

"கைக்கு சார்? போன்மே நை ஆதா க்யா?"

போனில் வராத பாட்டா என்று அவர் கேட்டதற்கு, போனில் வந்ததால்தான் வம்பே என்று விளக்குகிற அளவுக்கு என் இந்தி போதாது. சிரித்து வைத்தேன். மெட்டுகுடா தாண்டி லாலாகுடாவில் ரயில்வே பட்டறைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பையோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். மௌலாலி குன்றைச் சுற்றிக்கொண்டு போனால் குஷாய்குடா. சென்னையில் இந்த நேரத்துக்கு வேர்த்து ஊற்றியிருக்கும். இங்கே காற்று உலர்ந்து, முகம் இழுத்தது.

பரமசிவம் தெருமுனையிலேயே நின்றிருந்தார். மாடி வைத்த சின்ன வீடு, வாசலில் கோலம், பக்கத்து வீட்டுப் பெயர்ப் பலகை தெலுங்கில், எதிர் வீட்டில் ஆங்கிலத்தில். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஐதராபாத்துக்கு வந்து நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் கணவன் மனைவி இருவர் பேச்சிலும் திருநெல்வேலி அப்படியே இருக்கிறது, ஊடே ஆமாம் என்பதற்கு ஒரு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு ஒரு 'நக்கோ' விழுவதைத் தவிர.

கோமதி அம்மாள் இட்லி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். காற்று அதிகமும் ஒலி கொஞ்சமுமான குரல். காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"தம்பி, நா பாடுனது ஒங்க ஆளுங்களுக்கு ஒரு முன்னோட்டம். கெட்டுப்போன டேப்பு எரையுதது சங்கீதம். அப்படித்தானே போட்டிருக்கீய?"

நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரமசிவம் என்னைக் காப்பாற்ற பதிவு நடந்த கதையை எடுத்தார்.

தொழிற்சாலைத் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் கோமதி அம்மாள் பாடிய பாட்டு அது. எழுதியது கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர், மெட்டு அம்மாளுடையது. விழாவில் நல்ல கைதட்டல். அந்த உற்சாகத்தில் செகந்திராபாத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தை அரை நாளுக்குப் பிடித்தார்கள். தபலாக்காரர் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. இந்த ஊர்க் கல்யாணங்களில் மர்பா என்று ஒரு மேளம் அடிப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் நிஜாம் காலத்தில் வந்து தங்கியவர்களின் மேளம். ஊர்வலம் மண்டபத்துக்குள் போனதும் அதில் இரண்டு பேரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார் பரமசிவம். சங்கரன்கோவில் பெண்மணியின் பாட்டுக்கு அடியில் மர்பா போனது அப்படித்தான். நான் வியந்த சோதனை முயற்சியில் உண்மையானது இந்த ஒரு பாகம். அதை யாரும் கவனித்திருக்கவில்லை.

கேசட்டை வெள்ளைத் துணியில் பொதிந்து சாமி அலமாரியில் வைத்திருந்தார்கள். ஒன்பதரை மணி சுமாருக்குப் பிளேயரில் போட்டு, மடிக்கணினியோடு இணைத்து, முதல் பாதியைப் பிரதி எடுத்தேன். வாட்ஸ்அப்பில் வந்ததைவிட நூறு மடங்கு தெளிவு. மூச்சு எடுப்பது கூடக் கேட்டது. 'ஆயிரம் மணி கேட்டாலும்' என்றதும் வழக்கம்போல் குரல் அமுங்கி மந்திரம் தொடங்கியது. கோமதி அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நிறுத்திவிட்டுக் கேசட்டை வெளியே எடுத்தேன்.

டேப் வெளியே தெரிகிற முன்பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் பழுப்பேறிய செல்லோடேப் ஒட்டு. ஒட்டுக்கு இந்தப் பக்கம் டேப் மங்கலான பழுப்பு. அந்தப் பக்கம் பளபளப்பு.

"சார், இது எப்பவாவது அறுந்துதா?"

"அறுந்துது. நாந்தான் ஒட்டுனேன்," என்றார் பரமசிவம். "அப்ப குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். செவரெல்லாம் ஈரம். ஒட்டுன பெறகு பாத்தா மீதி ஈரம் பட்டு அழிஞ்சுபோச்சு."

டேப்பில் ஒலி பதிவது மங்கலாக இருக்கும் ஒரு முகத்தில் மட்டும்தான். அதன் அகலத்தில் பாதியில் ஒரு பக்கப் பாட்டு போகிறது, மீதிப் பாதியில் மறு பக்கம் எதிர்த்திசையில் வருகிறது, இருவழிச் சாலை மாதிரி. அறுந்ததை ஒட்டும்போது ஒரு முனை புரண்டுவிட்டால், அதற்குப் பிறகு மெஷின் எதிர் வரிசையில் ஏறிவிடும், அதுவும் டேப்பின் முதுகுப் பக்கமாக. மறு பக்கத்தில் இருப்பது பின்னாலிருந்து முன்னாகக் கேட்கும், மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுவது போல. ஈரமும் இல்லை, அழிவும் இல்லை. ஒரு முறுக்கு, அவ்வளவுதான்.

பரமசிவம் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அவர் முத்திரை குத்தாமல் ஒரு மின்சுற்றுப் பலகை வெளியே போகாது. அந்த மனிதரிடம் நீங்கள் தலைகீழாக ஒட்டிவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? மறு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். ஒன்றும் இல்லை, காலி என்றார், கொஞ்சம் அவசரமாக.

மடிக்கணினியில் இருந்த வாட்ஸ்அப் பிரதியிலிருந்து அந்த மந்திரத்தை எடுத்துத் திருப்பிப் போட்டேன். ஒரு பட்டனைத் தட்டுகிற வேலைதான்; ஒரு வருடமாக எனக்குத் தோன்றவில்லை, சைபீரியாக்காரருக்கும் தோன்றவில்லை. அமுங்கிய ஒலிதான், ஆனால் இப்போது நேராக வந்தது. ஒரு இளைஞன் சங்கரன்கோவில் உச்சரிப்பில் நிறுத்தி நிறுத்திப் படிக்கிறான்:

"மேஜ் பர் புஸ்தக் ஹை. வஹ் தஃப்தர் ஜாதா ஹை."

மேசை மேல் புத்தகம் இருக்கிறது, அவன் அலுவலகம் போகிறான்: இந்திப் பாடம். பின்னணியில் குக்கர் விசில். நேராகக் கேட்டால் சட்டென்று கத்தி மெல்ல அடங்குகிற அதே விசில், திருப்பிக் கேட்டால் மெல்ல எழும்பி உச்சியில் வெட்டுப்படும். இளம் இசையமைப்பாளரின் வாத்தியம்.

மத்திய அரசுத் தொழிற்சாலைகளில் இந்தி தெரியாதவர்கள் இந்திப் பரீட்சை எழுத வேண்டும். தேறினால் ஊதிய உயர்வு உண்டு. பரமசிவம் பாடத்தைத் தானே படித்துப் பதிவு செய்து, போட்டுப் போட்டுக் கேட்டு உருப்போட்டிருக்கிறார். கையில் அகப்பட்டது மனைவியின் கேசட். ஒரு பக்கம் காலியாகத்தானே இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

கோமதி அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். சத்தம் வராத சிரிப்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது. மலைவாழ் மக்களின் மொழி என்று சொன்னவரிடம் இதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்றார். நானும் சிரித்தேன். பரமசிவம் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாள் அதைக் கவனித்தார். சிரிப்பு நின்றது.

"இதக் கேக்கதுக்குத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் அறுத்தீயளோ?"

"ஹவ்," என்றார் பரமசிவம்.

அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்திரம் தேய்க்கும் சத்தம், தேவைக்கு மேல் கேட்டது. பரமசிவம் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "டேப்பு போனா போவுது, குரல் இருக்கில்லான்னு அன்னைக்கி எனக்கு ஆறுதல் சொன்னது அவதான். பெறகு குரலும் போயிட்டு."

நான் சாமான்களைக் கட்டி வைத்துவிடலாமா என்று யோசித்தேன். கணவன் மனைவிக்கு நடுவே கேசட் பிளேயரோடு உட்கார்ந்திருப்பது சங்கடமான காரியம். அதற்குள் அம்மாள் மூன்று டம்ளர் காப்பியோடு வந்தார். அறுத்துத் திருப்பி ஒட்டினால் தன் இரண்டாம் சரணம் வருமா என்று என்னிடம் கேட்டார்.

வர வேண்டும் என்றேன். உறுதி சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். இத்தனை வருடங்களில் செல்லோடேப் பசை கசிந்து, அடுத்தடுத்த சுற்றுகளில் ஒட்டியிருக்கலாம். இழுத்தால் உரிந்து வரலாம். முதல் பாதி பத்திரமாகப் பிரதியாகிவிட்டது. போனால் போவது அந்த இரண்டாம் சரணம்தான்.

அம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். இதுநாள்வரை ஈரம் கொண்டுபோய்விட்டது என்று மனத்தைத் தேற்றியிருந்தாராம். இருக்கிறது என்று தெரிந்த பிறகு போனால் அது வேறு மாதிரி வலி என்றார். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் அம்மா என்றேன், மனசார.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார்.

"நீங்கதான் ஒட்டுனீய. நீங்களே அறுங்க."

பரமசிவம் மறுக்கவில்லை. உள்ளே போய்ப் பழைய பூதக்கண்ணாடியையும் பிரிக்காத சவர பிளேடையும் எடுத்துவந்தார். மேசை மேல் வெள்ளைத் தாள் விரித்து, பென்சிலால் டேப்பை ஒரு முழம் வெளியே இழுத்தோம். பசை கசிந்திருந்தது. நல்ல வேளையாகச் சுற்றுகளுக்குள் பரவவில்லை. ஒட்டு இருந்த இடத்தை மட்டும் காப்பாற்ற வழியில்லை. பழுப்பேறிய பசையோடு டேப் ஒன்றிப்போயிருந்தது. அந்தத் துண்டை எடுத்தே ஆக வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், கேட்பதற்கு அரை விநாடிகூட இல்லை. பரமசிவம் பிளேடை டேப் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அம்மாள் வேண்டாமென்று தலையசைத்தார். பரமசிவம் பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, சுத்தமாக. புரண்டு கிடந்த முனையை நேராக்கி, மங்கலான முகம் மங்கலான முகத்தோடு சேர்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, பார்த்து, மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுப்பட்டையை வைக்க விட்டார்.

முதலிலிருந்து ஓடவிட்டோம். சங்கு, சைக்கிள் மணி, மர்பா. முதல் சரணம். இடையிசை. 'ஆயிரம் மணி கேட்டாலும்.' அடுத்து ஒரு சின்னத் தடுக்கல், ஒரு சொல் விழுந்த பள்ளம். அதைத் தாண்டி அதே குரல், அதே தெளிவில், '… மணி மட்டும் தனியாகும்' என்று முடித்துக் கிளம்பிப் போனது. மேளக்காரர்கள் குஷியாகிவிட்டது கேட்டது. அவர் அவர்களைத் துரத்த, அவர்கள் அவரைத் துரத்த, பாட்டு பல்லவிக்குத் திரும்பி ஓய்ந்தது. வேலை முடிந்து ஆயிரம் பேர் சைக்கிளில் வருகிறார்கள், வாசலில் நிற்கும் மனைவிக்கு ஒருவனின் மணி மட்டும் தனியாகக் கேட்கிறது, பாட்டு இதுதான். நான் அழுதேன். மறைக்க முயலவில்லை.

கோமதி அம்மாள் அழவில்லை. இரண்டாம் வரியில் சுருதி ஒரு முடி இறங்கியிருக்கிறது என்றார். பாடகிகள் இப்படித்தான் போலிருக்கிறது. இன்னொரு தடவை போடச் சொன்னார்.

இந்த முறை அந்தப் பள்ளம் வந்தபோது, அவர் இருந்த இடத்திலேயே, காற்றாக இருந்த அந்தக் குரலில், காலப்பிரமாணம் பிசகாமல் பாடினார்:

"அவன்."

காலையிலிருந்து கணவரை 'இவ்வோ, அவ்வோ' என்று மரியாதையாக மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர். பரமசிவம் பூதக்கண்ணாடியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

மூன்று மணிக்குச் சாப்பாடு. பாட்டை என்ன செய்யட்டும் என்று அப்போதுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது. முழுசாகப் போடும்படி அம்மாள் சொன்னார். பெயர் கோமதி பரமசிவம் என்று போடலாமா என்றதற்கு, "நக்கோ, கோமதி மட்டும் போதும்," என்றார். பழையதை அழிக்க வேண்டாமாம். இவர் இந்தி படித்த லட்சணம் உலகத்துக்குத் தெரியட்டுமாம். பரமசிவம் சோற்றைப் பிசைந்தபடி, பரீட்சையில் தான் முதல் வகுப்பு என்பதையும் சேர்த்துப் போடச் சொன்னார்.

மாலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வந்தேன். என் வீட்டில் அலமாரி நிறையக் கேசட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு மிச்சமிருக்கிற ஒரே பிரதியாக இருக்கலாம் என்று இதுவரை உறைத்ததில்லை. நான் அவற்றை விநோதம் என்று எண்ணித்தான் பகிர்ந்துகொண்டிருந்தேன். குஷாய்குடாவில் அது ஒருவருடைய தொண்டை.

திங்கட்கிழமை முழுப் பாட்டையும் வரிகளோடு போட்டேன். பழையதற்கு வந்த கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. மர்மம் போய்விட்டதே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். ஒருவர் மட்டும் அக்கறையாக எழுதியிருந்தார்: 'அவன்' என்ற சொல் அதே பாட்டில் வேறு இடத்திலும் வருகிறது, அதை எடுத்து அந்தப் பள்ளத்தில் கணினி மூலம் பொருத்தித் தருகிறேன், ஒட்டுப் போட்டதே தெரியாது என்று. நல்ல மனிதர். கோமதி அம்மாளைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது அப்படியே கெடக்கட்டும் தம்பி. அந்த எடம் வரும்போது நா பாடிக்கிடுதேன்."

அப்படியே கிடக்கிறது. இணையத்தில் யார் எங்கிருந்து கேட்டாலும் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு சொல் வேண்டுமென்றால் குஷாய்குடாவுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.